முதலில் ஆள் கேள், மருமகளே

அன்புள்ள மருமகளுக்கு,



நீ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். உறுதிபூசுதல் முடிந்த மறுவாரமே பிள்ளைகளில் பாதிப்பேரைக் காணோம், மிச்சம் இருப்பவர்களைப் பிடித்து வைக்க என்ன நிகழ்ச்சி நடத்தலாம், விவிலிய வினாடி வினாவா, கொடைக்கானல் டூரா என்று கேட்டிருந்தாய். டூர் போங்கள், வேண்டாமென்று சொல்லமாட்டேன். ஆனால் அதற்கு முன் எனக்கு ஒன்று தெரியவேண்டும். உன்னோடு வேறு யார் நிற்கிறார்கள்? பதிவு முழுக்க நான் கூப்பிட்டேன், நான் போனேன், நான் செலவு பண்ணினேன் என்றுதான் வருகிறது. உன் வயதில் ஒரு பெண், பகலெல்லாம் சிவகாசி பிரஸ்ஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து காலண்டர் டிசைன் போட்டுவிட்டு, மாலையில் ஒரு கிளைப்பங்கின் விடலைப் பிள்ளைகள் அத்தனை பேரையும் தனியாகக் கட்டி மேய்க்கிறாள் என்றால், கோளாறு நிகழ்ச்சியில் இல்லை தாயி.

நம் பங்குகளில் இந்தப் பொறுப்பு எப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும். பாடத் தெரிந்த, கூப்பிட்டால் வருகிற, எதிர்த்துப் பேசாத பிள்ளை ஒன்று கண்ணில் பட்டால் போதும். திருப்பலி முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது அரை நிமிடத்தில் நியமனம் முடிந்துவிடும், எல்லோரும் கைதட்டுவார்கள். அதன் பிறகு கொடியேற்றத்துக்குத் தோரணம் கட்டுவதிலிருந்து சப்பரத்துக்குப் பூ, கிறிஸ்துமஸ் குடில், தவக்காலத்தில் பாஸ்கா நாடகத்துக்கு ஆள் பிடிப்பது வரை எல்லாம் இளையோர் தலையில். மைக் செட்டுக்காரருக்குப் பணம் கொடுக்க ஓடுவதும் நீதான். இதற்கு நடுவே பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்றோடு அரைமணி நேரம் உட்கார்ந்து பேச உனக்கு எப்போது வாய்த்தது? வேலைக்கு ஆள் வேண்டியிருந்த இடத்தில் உன்னை வைத்து, அதற்கு மேய்ப்புப் பணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதைப் பங்குத்தந்தையிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லலாம். தப்பே இல்லை.

வராமல் போன பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். அவர்களுக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று வருத்தப்படுகிறாய். அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். ஆறு நாளும் விடியற்காலையில் வேன் வந்து அம்மாவைப் பயராபீஸுக்கு, பட்டாசு வேலைக்கு, ஏற்றிக்கொண்டு போகிறது. சனிக்கிழமை சம்பளம். ஞாயிறு ஒரு நாளில்தான் துணி துவைக்கணும், தலைக்குக் குளிக்கணும், கறி எடுக்கணும், ரேஷன் சாமான் ஒதுங்க வைக்கணும். வீட்டில் பெரிய பெண்பிள்ளை என்றால் பாதி வேலை அவளுக்குத்தான். பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்தால் ஸ்பெஷல் கிளாஸ் வேறு. நம் மாவட்டத்துக்குத் தேர்ச்சி விகிதம் என்றால் ஒரு வெறி உண்டு. 2023 பிளஸ் டூ முடிவில் 97.85 சதவீதத்தோடு மாநிலத்திலேயே முதலிடம். அதே விருதுநகர்தான் 2018-இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களை எடுத்து ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று பட்டியல் போட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து இராமநாதபுரத்தோடு சேர்ந்து அதில் இடம்பிடித்தது. மார்க்கும் வறுமையும் ஒரே வீட்டில் குடியிருக்கிற ஊர் இது. அந்தப் பிள்ளை ஞாயிறு காலை பத்து மணிக்கு உன் கூட்டத்துக்கு வரவில்லை என்றால் கடவுளை விட்டு ஓடிவிட்டது என்று எண்ணாதே. தூங்கிக்கொண்டிருக்கும், அல்லது குடம் தூக்கிக்கொண்டிருக்கும்.

அதனால் உன் நாட்காட்டியை ஊரின் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார். ஆடிப்பெருக்கிலிருந்து தீபாவளி வரை பட்டாசுக்கு உச்சம். உன் பிரஸ்ஸிலும் ஆடிப்பெருக்கு அன்றைக்குத்தான் காலண்டர் ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். அப்புறம் டிசம்பர் வரை உனக்கும் மூச்சு விட நேரமில்லை. ஆகஸ்டில் இளையோர் ஞாயிறு என்று மேடை போட்டு ஆள் வரவில்லையே என்று அழுவதில் அர்த்தமில்லை. தீபாவளி முடிந்த கையோடு ஆலைகள் சில வாரம் பூட்டிக் கிடக்கும். அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள். முகாம், வீடு சந்திப்பு, பெற்றோர் கூட்டம் எல்லாவற்றையும் அந்த வாரங்களில் வை. பங்குனிப் பொங்கல் சமயத்தில் விருதுநகர் மாரியம்மன் கோவில் பொருட்காட்சிக்கு நம் பிள்ளைகளும் கூட்டாளிகளோடு போவார்கள். அது பெரும்பாலும் தவக்காலத்தில்தான் வரும். அதை ஒரு விசுவாசப் போராக்கி மைக்கில் பேசாதே. ராட்டினம் ஏறிவிட்டு வந்த பிள்ளை புனித வெள்ளிக்குச் சிலுவைப்பாதைக்கும் வரும்.

உன்னோடு யார் நிற்கிறார்கள் என்று கேட்டேனே, அதற்கு ஒரு கதை சொல்கிறேன். பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்று ஒரு குருவானவர் இருந்தார். ஏழைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. குருமடத்திலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, கூடப் படித்த பையன்கள் எல்லாம் ஆலைக்கும் சுரங்கத்துக்கும் போயிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நீ முதலாளிமார் பக்கம் போய்விட்டாய் என்று நினைத்தார்கள். அந்தக் காயம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை. 1912-இல் பிரசெல்சுக்குப் பக்கத்தில் லாக்கன் பங்குக்கு வந்ததும், தையல் வேலை செய்த இளம்பெண்களைத் திரட்டித்தான் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்து 1925-இல் வடிவம் பெற்றதுதான் இளம் கிறிஸ்தவ தொழிலாளர் இயக்கம். பார், சிந்தி, செயல்படு என்று நம் மாணவர் இயக்கத்தில் உனக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அது அங்கிருந்து வந்த முறை. 1961-இல் திருத்தந்தை 23-ஆம் யோவான் தம் சுற்றுமடலிலேயே அதை ஏற்றுச் சொன்னார். 1965-இல் கார்டைனைக் கர்தினாலும் ஆக்கினார்கள்.

இந்தக் கதையை நான் சொல்வது அந்த மூன்று சொல்லுக்காக அல்ல. கார்டைன் தன் நேரத்தில் பெரும்பங்கைக் கூட்டத்துக்குக் கொடுக்கவில்லை, கூட்டத்தை நடத்துகிறவர்களுக்குக் கொடுத்தார். ஆலையில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு ஆலையில் வேலை பார்க்கிற பிள்ளைதான் தலைமை தாங்கமுடியும் என்று நம்பினார். ஆனால் அந்தத் தலைவரைத் தனியே விடவில்லை. சிறு வட்டமாக உட்காரவைத்து, இந்த வாரம் என்ன பார்த்தாய், யாரிடம் பேசினாய், எதில் முட்டி நின்றாய் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நம் ஊரில் முறையை எடுத்துக்கொண்டோம், அந்த வட்டத்தை விட்டுவிட்டோம். உனக்கு அப்படி உட்கார்ந்து கேட்க ஆள் உண்டா என்பதுதான் என் கேள்வி.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், நம் பகுதியில் இந்தப் பிள்ளைகள் கொண்டுவரும் சேதி ஒரு ஆள் தாங்குகிற சேதியாக இருக்காது.

உதாரணத்துக்கு, பத்தாவது லீவில் இருக்கும் ஒரு பையன் வந்து, ‘அக்கா, நான் அம்மா கூட திரி வேலைக்குப் போறேன்’ என்று சொல்கிறான் என்று வை. சட்டம் உனக்குத் தெரிந்திருக்கவேண்டும். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், நம் சிவகாசிப் பிள்ளைகளை வைத்துப் போடப்பட்ட வழக்கில்தான், வேலைக்கு வைத்த முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நலநிதிக்குக் கட்டவேண்டும் என்றது. 2016 திருத்தத்துக்குப் பிறகு வெடிபொருள் வேலையில் 18 வயது நிரம்பாத யாரும் இருக்கக்கூடாது. அதனால் இன்று ஆலைக்குள் சிறுபிள்ளையைப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அனுமதியில்லாமல் வீட்டுத் திண்ணையில் கருந்திரி சுற்றுவதும், உள்குத்தகைக்கு எடுத்த ஷெட்டில் ரகசியமாக மருந்து அடைப்பதும் அடிக்கடி பிடிபடுகிறது. அங்கே யார் கை வேலை செய்கிறது என்று யாரும் வயது கேட்பதில்லை. அந்தப் பையனிடம் போய் ‘தப்புடா’ என்று பிரசங்கம் செய்தால் அவன் அடுத்த வாரம் உன்னிடம் எதுவும் சொல்லமாட்டான். அவன் பின்னால் அம்மா வாங்கிய முன்பணம் இருக்கும், அக்கா கல்யாணக் கடன் இருக்கும். அதை நீ ஒருத்தி தீர்க்கமுடியாது. பங்குத்தந்தை, வின்சென்ட் தே பால் சபையில் ஒருவர், அவன் பள்ளித் தலைமையாசிரியர் மூவரும் சேர்ந்தால் ஒரு வழி பிறக்கும். உயிர் ஆபத்து என்று தெரிந்தால் 1098-க்குப் போன் போடத் தயங்காதே. ஊர்ப்பகை வருமே என்ற பயம் உனக்கு இருக்கும். அந்தப் பயத்தைப் பங்குபோட்டுக்கொள்ளத்தான் கூட ஆள் வேண்டுமென்கிறேன்.

டான் போஸ்கோவை நாம் விளையாட்டு மைதானத்துப் புனிதராகவே சுருக்கிவிட்டோம். 1852-இல் டூரின் நகரில் அவர் ஒரு பையனுக்காகத் தச்சுப் பட்டறை முதலாளியோடு எழுதி ஒப்பந்தம் போட்டார்: தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக்கூடாது, திருநாளில் லீவு விடவேண்டும் என்று. கையெழுத்தோடு அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. பிள்ளைகளின் கூலியைப் பற்றிப் பேசினால் ‘இதெல்லாம் கோவில் வேலையா’ என்று பங்குப் பேரவையில் ஒரு பெரியவர் கேட்பார். அவருக்கு இதைச் சொல்.

அடுத்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதவேண்டும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சன்குளம். 2025 ஜூலை 1, சின்னக்காமன்பட்டி. நடுவில் எத்தனையோ ஆலை வெடிவிபத்துகள். நம் பக்கத்தில் சத்தம் கேட்டால் ஜனங்கள் முதலில் போன் எடுப்பது வீட்டு ஆள் எந்த ஆபீஸ், எந்த அறை என்று கேட்கத்தான். இன்றில்லாவிட்டால் என்றாவது உன் கூட்டத்துப் பிள்ளை ஒன்றுக்கு அந்தச் சேதி வரலாம். அன்றைக்கு நீ எதுவும் பேசவேண்டியதில்லை. ‘கடவுள் சித்தம்’ என்று மட்டும் சொல்லிவிடாதே; மருந்து உராய்ந்ததற்கும், நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் அதற்கு மேல் ஆள் உட்கார்ந்ததற்கும், குத்தகைக்கு விட்டவன் கண்ணை மூடிக்கொண்டதற்கும் கடவுளைப் பொறுப்பாக்காதே. பதினாலு வயதுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். மார்ச்சுவரி வாசலில் கூட நில். அடக்கத்துக்குப் பிறகுதான் உன் வேலை தொடங்குகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், நிவாரணக் காசோலை போட வங்கிக் கணக்கு என்று அலைய அந்த வீட்டில் ஆள் இருக்காது. பட்டாசு விபத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகளின் படிப்புச் செலவை அரசு ஏற்கும் என்று 2024 நவம்பரில் முதலமைச்சர் விருதுநகரில் அறிவித்து, முதல்கட்டமாக ஆட்சியர் பொறுப்பில் 5 கோடி ரூபாய் ஒதுக்கியது உனக்குத் தெரியுமா? தெரியாத வீடுகள் நிறைய. ஆட்சியர் அலுவலகத்துக்கு மனு எழுதத் தெரிந்த ஒரு பேரவை உறுப்பினர் உன் குழுவில் இருப்பது, கிட்டார் வாசிக்கத் தெரிந்த ஆள் இருப்பதைவிட மேல்.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு ஊரே வரும். நாற்பதாம் நாள் அந்தப் பிள்ளை வீட்டில் விளக்குப் போட ஆள் இருக்கிறதா என்று நீ பார்க்கப் போவாய். போய்விட்டு வந்து யாரிடம் அழுவாய்? உன் அம்மாவிடம் சொன்னால், ‘இந்த வேலையே வேண்டாம், விட்டுட்டு வா’ என்பாள். பங்குத்தந்தையிடமோ, பக்கத்துக் கன்னியர் மடத்து அருட்சகோதரியிடமோ மாதம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசும் வழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள். விபத்து நடந்த பிறகு தேடிப் போனால் வார்த்தை வராது.

இன்னொன்றும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். பெண்பிள்ளைகள் உன்னிடம் மனசு விட்டுப் பேசுவார்கள். ‘அக்கா, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் பண்ணுங்க’ என்பார்கள். பண்ணாதே. நீ பாவசங்கீர்த்தனம் கேட்கிற குரு இல்லை. 2012 போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்திருக்கிறது என்று தெரிந்தவர் யாரானாலும் காவல்துறைக்குச் சொல்லியாகவேண்டும். சொல்லாமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. செய்தவர் பெரிய குடும்பத்தார், கோவிலுக்குக் கொடுத்தவர், ஏன், அங்கி போட்டவராகவே இருந்தாலும் அதுதான். ‘பங்குக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொன்னால், திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் இதற்கென்றே தனியாகச் சட்டம் கொடுத்திருப்பதை நினைவூட்டு; நாட்டுச் சட்டப்படி செய்யவேண்டியதை அது எந்த விதத்திலும் தடுக்கவில்லை. உன் பாதுகாப்புக்கும் சில ஏற்பாடு தேவை. எந்தப் பிள்ளையையும் தனியறையில் சந்திக்காதே. வாட்ஸ்அப் குழுவில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும். முகாம் என்றால் ஆணும் பெண்ணுமாகப் பொறுப்பாளர்கள் வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். இதில் பங்கு சிக்கனம் பார்த்தால் முகாமை ரத்து செய்.

சாதியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்குநேரியில் 2023-இல் வீடு புகுந்து பள்ளி மாணவனை வெட்டிய பிறகு, நீதிபதி சந்துரு குழு சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கலர் கயிறு வரை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. நம் பிள்ளைகள் கையிலும் அந்தக் கயிறு உண்டு, செபமாலைக்குப் பக்கத்திலேயே. பாடகர் குழுவும் கிரிக்கெட் டீமும் தெருவாரியாக உருவாகிறதா என்று பார். சப்பரம் எந்தத் தெருவுக்குப் போகவில்லை என்று பிள்ளைகள் உன்னைக் கேட்பார்கள். மழுப்பாதே. பதில் உன்னிடம் இல்லையென்றால் பேரவைக்கு அந்தக் கேள்வியைப் பிள்ளைகளோடு சேர்ந்தே எடுத்துப் போ.

2018-இல் ரோமில் இளையோரைப் பற்றி ஆயர்கள் கூடியதற்கு முன், பல நாட்டு இளைஞர்களைக் கூப்பிட்டு எப்படிப்பட்ட வழிகாட்டி வேண்டும் என்று கேட்டார்கள். எங்களைத் தீர்ப்பிடாதவர், தம் குறைகளை அறிந்தவர் வேண்டும் என்றார்கள் அவர்கள். வழிகாட்டிகளைப் பீடத்தில் ஏற்றாதீர்கள், ஏறியவர் விழும்போது நாங்களும் விழுகிறோம் என்றார்கள். ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்று 2019-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய மடலிலும் இது இடம்பெற்றிருக்கிறது. எனக்கு அதில் பிடித்தது, குறையோடு இருக்க உனக்கு அனுமதி கொடுக்கிறார்கள் என்பது. ஒரு ஞாயிறு உனக்கு முடியவில்லை என்றால் முடியவில்லைதான்.

சரி, என்ன கேட்கச் சொல்கிறேன்? உன்னைச் சேர்த்து மூன்று பேர் கொண்ட குழு வேண்டும். அதில் கல்யாணமான ஒரு தம்பதி இருந்தால் நல்லது. பங்குத்தந்தை உனக்காக மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கவேண்டும். திருவிழா அலங்கார வேலையை அன்பியங்களுக்கு மாற்றிவிடவேண்டும். சொந்தச் சம்பளத்தில் நீ பிஸ்கட்டும் ஜெராக்ஸும் வாங்குவது நிற்கவேண்டும், பங்குக் கணக்கில் சிறு தொகை ஒதுக்கவேண்டும். உன் பொறுப்புக்கு மூன்று வருடம் என்று கெடு வைத்து, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளில் இருவரை இப்போதே கூடச் சேர்த்துப் பழக்கு. ‘கல்யாணமாகிப் போயிடுவா, இவளை நம்பி எப்படி?’ என்று முணுமுணுப்பவர்களுக்கும் அது பதில்.

இதையெல்லாம் வாய்ப்பேச்சில் வாங்காதே. சாமியார் நல்லவர், ‘செய்யலாம்மா’ என்பார்; வருகிற மாற்றல் சீசனில் அவர் வேறு பங்குக்குப் போய்விட்டால் புதியவருக்கு உன் முகமே தெரியாது. பேரவைக் கூட்டத்தில் தீர்மானமாகப் போட்டு, மினிட்ஸ் நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்கு. நோட்டு பங்கில்தான் இருக்கும், மாற்றல் ஆகாது.

வேண்டுமென்றால் இந்தக் கடிதத்தைச் சாமியாரிடமே வாசிக்கக் கொடு. என் பெயரைச் சொன்னாலும் பரவாயில்லை; வயதானவன், என்மேல் கோபித்துக்கொள்ள யாருக்கும் நேரமில்லை. ஆனால் தள்ளிப் போடாதே. ஆடி பிறப்பதற்குள் கேட்டுவிடு. அதன் பிறகு ஊர் தீபாவளிக்குள் போய்விடும், உன் பிரஸ் காலண்டருக்குள் போய்விடும், பேரவை கிறிஸ்துமஸ் செலவுக் கணக்குக்குள் போய்விடும்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் மாமா,
விருதுநகர்